குறிப்பறிதல் இருவருக்கும் உரியது

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைத் தனியாளாக நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என ஊடை இழையைக் கொண்டுசெல்லும் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் மிதியை மிதித்தபடி உடலையும் ஒரு கரையையும் பார்த்துக்கொள்வார். மறு கரைக்காக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊடைக்கும் நாடாவை வாங்கித் திருப்பித் தரவேண்டும். உடலின் நிறமும் கரையின் நிறமும் சந்திக்கும் வரியில் இரண்டு ஊடை இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். ஒருவர் கை தாமதித்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து நாள் இருவரும் இப்படி உழைத்த பிறகே ஒரு சேலை தறியிலிருந்து இறங்கும்.

அந்த இரண்டாவது இடத்தில் ஒரு காலத்தில் சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான முயற்சிகள் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பின. அதன்பின் பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்தவர் நெசவாளரின் மனைவி. வெளியாளை வைத்தால் தனிக் கூலி கொடுக்க வேண்டும். மனைவி உட்கார்ந்தால் கூலி கிடையாது. உட்காரும் இடமும் ஓட்டும் நாடாவும் வரும் முதுகுவலியும் ஒன்றுதான். ஆனாலும் பக்கத்து வீட்டார் செய்தால் அது வேலை, வீட்டுக்காரி செய்தால் அது ஒத்தாசை.

ஆணும் பெண்ணும் எதில் வேறுபடுகிறார்கள் என்ற கேள்விக்கு உடலையும் மூளையையும் காட்டிப் பதில் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆராய்ச்சி நடக்கட்டும். நாம் வாழும் வாழ்க்கையை நேராக்கிக்கொள்ள அதைவிட அருகில் இருக்கும் ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே தறியில் தோளோடு தோள் உட்காரும் இருவரில் ஒருவரின் உழைப்பு கண்ணில் படுகிறது, மற்றவரின் உழைப்பு படவில்லை. ஏன்?

தறி வீட்டின் ஒரு நாள்

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தின் தெருக்களில் பொழுது விடிவதற்கு முன்பே விளக்கு எரியும் இடம் அடுக்களை. தண்ணீர் பிடிப்பது, வாசல் தெளிப்பது, உலை வைப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் முடிந்து, ஆண் தறிக்கு இறங்கும்போது நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலான தார் தயாராக இருக்கவேண்டும். ராட்டையில் தார் சுற்றுவது பெண்ணின் வேலை. பட்டு இழை மெல்லியது; சீராகச் சுற்றாவிட்டால் நாடாவுக்குள் சிக்கும், அறுந்துபோகும், சேலையில் பழுதாகத் தெரியும். அந்தப் பழுதுக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அச்சிலும் விழுதிலும் கோத்தது கோத்தபடி நிற்கும் பழைய இழையின் நுனியை எடுத்து, அதற்கு நேரான புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. ஒரு இழை முடிந்தது. இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை இடம் மாறினாலும் அந்தத் தவறு சேலை முழுவதும் கோடாக ஓடும். பெரும்பாலும் பெண்களே குனிந்த தலை நிமிராமல் இந்த வேலையைச் செய்து முடிப்பார்கள். நடுவில் குழந்தை அழும், பால் பொங்கும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். எழுந்து போய்த் திரும்பி வந்து, விட்ட இழையைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்: "நீங்க என்னம்மா வேலை செய்றீங்க?"

"நான் சும்மாதாங்க இருக்கேன். அவருக்கு ஒத்தாசையா எதனா செய்வேன்."

கணவரிடம் கேட்டாலும், "அவங்க வீட்லதான் இருக்காங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மனைவியை இழிவாகவும் நினைக்கவில்லை. பத்தடி தூரத்தில் ராட்டை சுற்றும் சத்தம் அவர் காதில் பல ஆண்டுகளாக விழுந்து பழகிவிட்டது. பழகிய சத்தம் கேட்பதில்லை. கொடுமைக்காரரைத் திருத்தச் சட்டம் இருக்கிறது. நல்லவர் கண்ணில் படாமல் போகிற உழைப்புக்குச் சட்டம் போதாது. அதற்கு மனம் பழக வேண்டும்.

இயற்கையா, பழக்கமா?

தறியில் உட்காருவது ஆணின் வேலை, தார் சுற்றுவது பெண்ணின் வேலை என்பது உடலமைப்பு வகுத்த விதி என்றால், அது எங்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அசாமிலும் மணிப்பூரிலும் தறி பெண்ணுக்குரியது. பிரம்மபுத்திரா கரையில் சுவால்குச்சி என்ற பட்டு நெசவூர் இருக்கிறது. அங்கே தறிகளில் பெரும்பாலும் பெண்களே உட்காருகிறார்கள். 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளர்களும் நெசவு சார்ந்த தொழிலாளர்களும் 35.22 லட்சம் பேர். அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். ஒரே பட்டு, ஒரே நாடா. ஓர் ஊரில் அது ஆணின் கைத்திறன், இன்னோர் ஊரில் பெண்ணின் கைத்திறன். ஊர் வகுத்ததை இயற்கை வகுத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மனப்பாங்குக்கும் இது பொருந்தும். பெண் இயல்பிலேயே பொறுமைசாலி, பிறர் மனம் அறிபவள், விட்டுக்கொடுப்பவள் என்கிறோம். ஆண் இயல்பிலேயே கவனக்குறைவானவன், அவனுக்கு எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் புரியும் என்கிறோம். ஐந்து வயதுப் பெண் குழந்தையிடம் "அப்பா வந்துட்டாரு, தண்ணி கொண்டுபோய்க் குடு" என்று சொல்லி வளர்க்கிறோம். அதே வயதுப் பையன் எழுந்தால் "நீ உக்காருப்பா" என்கிறோம். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தாகம் அறியப் பழகுகிறாள். அவன் தன் தாகத்தை வேறொருவர் அறிவார் என்று பழகுகிறான். இருபது ஆண்டுகள் இப்படிப் பழக்கிவிட்டு, திருமணத்துக்குப் பிறகு இருவருக்கும் இருக்கும் வேறுபாட்டைக் கண்டு வியப்பதில் நியாயம் இல்லை.

காஞ்சி போற்றிய ஆண்

பிறர் சொல்லாததை அறிந்து செய்வது பெண்ணின் குணம் என்று நினைப்பவர்கள், காஞ்சிபுரம் நாயனாராகக் கும்பிடும் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் துணி வெளுத்துப் பிழைத்தவர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடினார். காஞ்சியில் முத்தீசுவரர் கோயில் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அடியவர்களின் முகக்குறிப்பைப் பார்த்தே அவர்களுக்கு வேண்டியதை அறிந்து செய்வார் என்பதுதான் அவருடைய பெருமை.

ஒரு குளிர்நாளில் மெலிந்த உடலோடு, அழுக்குக் கந்தை போர்த்திய முதியவர் ஒருவர் வருகிறார். துணியைத் துவைத்துத் தரட்டுமா என்று தொண்டர் கேட்கிறார். குளிருக்கு இந்த ஒரு துணிதான், பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தரவேண்டும் என்கிறார் முதியவர். துவைத்த பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. மாலை வரை விடவில்லை. சொன்ன சொல் தவறியது ஒரு பக்கம், குளிரில் நடுங்கும் கிழவரின் உடம்பு மறுபக்கம். இரண்டையும் தாங்கமாட்டாமல் துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார் தொண்டர். அப்போது கல்லிலிருந்து ஒரு கை எழுந்து அவரைத் தடுக்கிறது. வந்தவர் இறைவன் என்பது அதன்பிறகு தெரிகிறது.

இந்த ஆண் போரில் வெல்லவில்லை, நாட்டை ஆளவில்லை, பெரும் செல்வம் சேர்க்கவில்லை. ஒருவருக்குக் குளிரும் என்று அறிந்தார். அது தன் பொறுப்பு என்று நினைத்தார். துணி துவைப்பது என்ற, இன்று வீட்டில் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும் அதே வேலையின் வழியாக அவர் நாயன்மார் வரிசையில் இடம் பெற்றார். குறிப்பறிதல் ஆண்மைக்கு இழுக்கு என்று எந்தத் தமிழ்மரபும் சொல்லவில்லை. அதைக் கோயிலில் வைத்து வணங்கிவிட்டு வீட்டில் மறந்தவர்கள் நாம்.

அதே தொண்டரின் புராணத்தில்தான் சேக்கிழார் காஞ்சி நகரின் பெருமையையும் விரித்துச் சொல்கிறார். இருநாழி நெல்லைப் பெற்றுக்கொண்டு வந்து அம்மை காமாட்சி இந்த ஊரில் முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது காஞ்சியின் நம்பிக்கை. பசித்தவருக்குச் சோறு, வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல், பிள்ளைப்பேறு பார்த்தல், பசுவுக்கு வாயுறை என நீளும் பட்டியல் அது. கையில் இருப்பதோ இருநாழி. மாதம் முழுவதும் வந்த கூலியை அரிசிக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் மருந்துக்கும் சீர்வரிசைக்கும் பங்கிட்டு நிரவுகிற தறிவீட்டுப் பெண் செய்வது இதைத்தான். காமாட்சி செய்தால் அறம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். வீட்டில் செய்பவளிடம் "காசெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்கிறோம்.

இரண்டு மௌனங்கள்

இவ்வளவும் சொன்னால் ஆண்கள் எல்லாரும் சுகவாசிகள் என்று ஆகிவிடக் கூடாது. தறிக்குழியில் இருப்பவரின் வாழ்க்கையும் கடினம். விசைத்தறியில் ஓட்டிய சேலை காஞ்சிப்பட்டு என்ற பெயரில் மலிவாக விற்கிறது. ஜரிகை விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவு இறுகி, வேலை நின்றுவிடும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியாமல் நிற்கும். குடும்பத்தைத் தாங்குபவன் என்ற பெயர் அவர் தோளில் இருக்கிறது. தாங்க முடியவில்லை என்று சொல்வதற்கு அவருக்கு யாரும் சொற்களைக் கற்றுத்தரவில்லை.

பிரியதர்ஷன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் நடித்து தேசிய விருது பெற்ற 'காஞ்சிவரம்' படத்தில், மகளைப் பட்டுச்சேலையில் மணமகளாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் நெசவாளி பட்டு இழைகளைத் திருடிச் சேர்க்கிறான்; பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். அன்பை எதையாவது கொடுத்துத்தான் காட்ட முடியும், கொடுக்க வழியில்லாவிட்டால் தான் தகப்பனே இல்லை என்று ஒரு மனிதனை நம்பவைத்தது யார்? அந்த நம்பிக்கை ஆண்களை உள்ளுக்குள் அரிக்கிறது. பலரை மதுக்கடைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

கடனை மறைப்பது தறிவீடுகளில் இருபாலருக்கும் பொது. அவர் முன்பணத்தை மறைக்கிறார். அவள் கம்மலை அடகு வைத்ததை மறைக்கிறாள். காரணம்தான் வேறு. தன் மதிப்பு குறைந்துவிடும் என்று அவர் மறைக்கிறார். அவர் கோபப்படுவார் என்று அவள் மறைக்கிறாள். ஒரே அறையில் படுத்துறங்கும் இருவர் ஒரே கவலையைத் தனித்தனியாகச் சுமக்கிறார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்தே பாதியை ஊகித்துவிடுவாள். அவர் அவள் காதைப் பார்த்திருந்தால் மீதியைத் தெரிந்துகொண்டிருப்பார்.

வெளியே மாறியது, உள்ளே மாறாதது

இந்த மாவட்டத்தின் வேலைவாய்ப்பு ஒரு தலைமுறைக்குள் தலைகீழாகிவிட்டது. தறியை விட்டவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறார்கள். மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சம்பளச் சீட்டில் தன் பெயரைப் பார்க்கும் அந்தப் பெண், ராட்டை சுற்றிய தன் தாய்க்கு வாய்க்காத ஒன்றைப் பெற்றிருக்கிறாள்.

ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பது ஆணுக்கு நலம் விசாரிக்கும் கேள்வி. பெண்ணுக்கு அது பல இடங்களில் வேலையைத் தீர்மானிக்கும் கேள்வி. மணமான பெண்ணுக்கு வீட்டுச் சுமை அதிகம் என்று தயங்கும் முதலாளிகள் உண்டு. அந்தச் சுமையை அவள் தலையில் மட்டும் வைத்த வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடமும், ஆண் 88 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது. இருவரும் ஆலைக்குப் போய்த் திரும்பும் வீட்டிலும், ஒருவருக்குத்தான் வீடு ஓய்விடம். மற்றவருக்கு அது இரண்டாவது ஷிப்ட்.

தமிழ்நாடு அரசு இதை ஓரளவு பார்த்திருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேரத் தொடங்கியது. வீட்டில் அவள் செய்யும் உழைப்பை ஏற்றுக்கொள்ளும் உரிமை இது என்று அரசு சொன்னது. அண்ணாவும் நெசவுத்தொழிலுக்குப் பேர்பெற்ற செங்குந்தர் குடும்பத்தில் வந்தவர்தான். முதலமைச்சரானதும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்புத் தந்தார். ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று இருவர் தம் வாயால் அறிவித்தால் அதுவே திருமணம் என்றது அந்தச் சட்டம். 1989இல் தமிழ்நாடு பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு தந்தது. சட்டம் வாசல் வரை வந்துவிட்டது. வாசலைத் தாண்டி அடுக்களைக்கும் தறிக்கும் இடையே இருக்கும் அந்தப் பத்தடியை நாம்தான் கடக்க வேண்டும்.

செய்யவேண்டியவை

முதலில் பெயர். இருவர் நெய்த சேலைக்கு ஒருவர் பெயரில் மட்டும் கூலி எழுதுவது பொய்க்கணக்கு. கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கான சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும் முதியோர் ஓய்வூதியமும் பதிந்த பெயருக்குத்தான் கிடைக்கும். நெசவாளர் அடையாள அட்டை, சங்க உறுப்பினர் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றிலும் மனைவிக்கு இடம் வாங்கித் தருவது கணவரின் கடமை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவனின் அரசி ரங்கபதாகை எழுப்பிய சிற்றாலயத்தில் அவள் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகியும் அதைப் படிக்க முடிகிறது. அரசிக்குக் கல்லில் கிடைத்த இடம், நெசவாளிப் பெண்ணுக்குப் பாஸ்புத்தகத்திலாவது கிடைக்கட்டும்.

அடுத்து ஓய்வு. வீட்டில் உடம்பு சரியில்லை என்று யாரால் தயக்கமின்றிப் படுக்க முடிகிறது என்று பாருங்கள். காய்ச்சலோடு எழுந்து உலை வைக்கும் பெண்ணைத் தியாகி என்று புகழ்வது எளிது. அவளைப் படுக்கவிட்டுக் கணவர் எழுந்து உலை வைப்பதுதான் மரியாதை. அவள் கேட்கும் முன்பே செய்யவேண்டும். கேட்ட பிறகு செய்வதில் பாதி வேலை அவளுடையதாகவே இருக்கிறது, ஏனென்றால் எது தேவை என்று நினைவில் வைத்திருந்தவள் அவள்தான்.

பெண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "நான் சும்மாதான் இருக்கேன்" என்று இனி சொல்லாதீர்கள். அடக்கம் என்று நினைத்துச் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் மகள், தன் உழைப்பையும் அப்படியே மதிப்பாள். மகன், நாளைக்குத் தன் மனைவியின் உழைப்பை அப்படியே மதிப்பான். தான் பட்ட கஷ்டத்தை மருமகளும் படட்டும் என்று நினைப்பது கஷ்டத்தைச் சொத்தாக எழுதிவைப்பது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிக் கேட்பது சண்டை ஆகாது.

ஆண்களும் வாய் திறக்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, கூலி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று மனைவியிடம் சொல்லும் ஆண் சிறுத்துப்போவதில்லை. குடும்பத்தின் பாரத்தை இருவரும் ஏற்றால் அவர் முதுகும் நிமிரும்.

பிள்ளை வளர்ப்பில்தான் இதெல்லாம் நிலைக்கும். மகளைக் கணக்குப் பார்க்கவும் தறியில் உட்காரவும் தன் கூலியைக் கேட்டு வாங்கவும் பழக்குங்கள். மகனைச் சோறு வடிக்கவும் தட்டைக் கழுவவும், களைத்து வந்தவரின் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவரவும் பழக்குங்கள். பிறருக்கு என்ன வேண்டும் என்று அறிவது மனித குணம். ஒரு பாலுக்கு மட்டும் அதைக் கற்பித்தோம். அதனால் பெண்கள் உழைத்துத் தேய்ந்தார்கள், ஆண்கள் அருகில் இருப்பவரை அறியாமலே வாழ்ந்து முடித்தார்கள். இரண்டுமே இழப்பு. ஆணும் பெண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உழைப்பவர் யாரானாலும் அவர் பெயரைச் சொல்வது, களைத்தவர் யாரானாலும் அவரை உட்காரச் சொல்வது: இந்த இரண்டையும் நம் வீட்டில் இன்றே தொடங்கலாம். தொடங்க வேண்டியவர், இதுவரை உட்கார்ந்திருந்தவர்.